களனும் காலமும் பாடலுக்குப் புறம்பானவையா? டெக்சாஸ் பல்கலைக்கழகப் பாடல் குறித்த ஆய்வறிக்கை: ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்குகளில் பாடப்படும் ‘தி ஐஸ் ஆஃப் டெக்சாஸ்’ என்னும் பாடல், 1903இல் ஒரு கரிமுகக் கேலியாட்ட மேடையில் அரங்கேறியது. 2020இல் விளையாட்டு மாணவர்கள் அதனை மாற்றக் கோரினர். பல்கலைக்கழகம் அமைத்த குழு, பாடலில் இனவெறி நோக்கம் இல்லை என 2021இல் முடிவுரைத்தது. நோக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட அந்த முடிவு, பாடலை அதன் நிகழ்த்துகையிலிருந்து பிரித்தெடுத்ததால் பெறப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகிய உறுப்புகள் இவ்வாதத்திற்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: நிகழ்த்துகலை, கரிமுக வேடம், களன், முன்னம், கல்லூரி விளையாட்டு, இனவெறி.

பாடலும் அதன் மேடையும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை, நம் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் போட்டிகளைக் கொண்டு அளக்க இயலாது. டெக்சாஸ் பல்கலைக்கழக அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அமரலாம். ஆட்டம் முடிந்ததும், வெற்றியாயினும் தோல்வியாயினும், வீரர்கள் இசைக்குழுவின் பக்கம் திரும்பி நின்று, சுட்டுவிரலையும் சிறுவிரலையும் உயர்த்தி அப்பாடலைப் பாடுவது வழக்கம். மாநிலத்தின் கண்கள் இடைவிடாது உன்னை நோக்குகின்றன, அவற்றிடமிருந்து ஒளிய இயலாது என்பதே பாடலின் சாரம். மிகச் சிறிய பாடல் அது. சொற்களை மட்டும் எடுத்துப் படிப்பவர்க்கு அதில் எந்த இனமும் தென்படாது.

பாடலை எழுதியவர் ஜான் சின்க்ளேர் என்னும் மாணவர். 1903 மே 12 அன்று ஆஸ்டினின் ஹான்காக் ஆப்பரா மாளிகையில், தடகள அணிக்கு நிதி திரட்டுவதற்காக மாணவர்கள் நடத்திய ‘மின்ஸ்ட்ரல்’ நிகழ்ச்சியில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. மின்ஸ்ட்ரல் என்பது, வெள்ளையர் கருக்கிய தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரின் பேச்சையும் நடையையும் கோணலாக்கிக் காட்டிச் சிரிப்பூட்டிய ஆட்டம். 1830களில் தாமஸ் ரைஸ் என்னும் நடிகர் இவ்வகையில் ஆடிப் புகழ்பெற்ற பாத்திரத்தின் பெயர் ‘ஜிம் குரோ’. பின்னாளில் தென்மாநிலங்களின் இனப் பிரிவினைச் சட்டங்கள் அனைத்திற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. ஒரு கேலிக்கூத்தின் பாத்திரப் பெயர் ஒரு சட்ட ஒழுங்கிற்கே பெயரானதை, மேடைக்கும் ஆட்சிக்கும் இடையே இருந்த நெருக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

மெட்டும் சின்க்ளேருடையதன்று. இரயில்பாதையில் உழைப்பதைப் பற்றிய ஒரு பாடலின் மெட்டு அது. இன்று அமெரிக்கக் குழந்தைகள் அனைவரும் அறிந்தது. 1894இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பாடல் தொகுப்பில் அது ஆற்றங்கரை அணையில் உழைப்போர் பாட்டாக, கறுப்பினத்தவரின் பேச்சைப் போலி செய்த எழுத்துருவில் அச்சேறியது. ஆக, மேடைக்கு வரும் முன்பே அம்மெட்டு, கறுப்பினத்தவரின் குரலை வெள்ளையின மாணவர்கள் எடுத்தணிந்துகொள்ளும் வழக்கத்தோடு தொடர்புடையதாக இருந்தது. விவாதங்களில் இச்செய்தி போகிற போக்கில் சொல்லப்பட்டதேயன்றி, அதற்குரிய கவனம் பெறவில்லை.

குழுவின் முடிவு

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின் நடுவே, ஜூன் மாதத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழக விளையாட்டு மாணவர்கள் தம் கோரிக்கைகளை வெளியிட்டனர். சில கட்டடங்களின் பெயர்களை மாற்றுதல், அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் முன்னோடிக் கறுப்பின வீரரான ஜூலியஸ் விட்டியருக்குச் சிறப்புச் செய்தல் ஆகியவற்றோடு, பாடலை மாற்றுவதும் அவற்றுள் ஒன்று. ஜூலையில் நிருவாகம் பலவற்றிற்கு இசைந்தது; விட்டியருக்குச் சிலையும் எழுந்தது. பாடல் மட்டும் தொடரும் என்றது. பின்னர் அதன் வரலாற்றை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 58 பக்க அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது.

அறிக்கை அக்கறையோடு எழுதப்பட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அரங்கேற்றம் மின்ஸ்ட்ரல் மேடையில் நிகழ்ந்ததையோ, பாடியவர்கள் பெரும்பாலும் கரிமுகத்தோடு இருந்திருக்கலாம் என்பதையோ அது மறைக்கவில்லை. பாடலின் மையத் தொடர், அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் பிராத்தர் தம் உரைகளில் வழங்கிய தொடரின் பகடி. அத்தொடரை அவர், தம் கல்லூரிக் காலத்தில் தலைவராக இருந்த ராபர்ட் லீயிடமிருந்து பெற்றார் என்பது நெடுங்காலக் கதை. லீ, அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தலைவர். இக்கதைக்குச் சான்றில்லை என்று கண்ட குழு, ஜான் கிரெக் என்பவரையே மூலமாகச் சுட்டியது. கிரெக்கும் அதே கூட்டமைப்பின் தளபதி. 1864இல் லீயின் படையிலேயே டெக்சாஸ் படைப்பிரிவை நடத்தி, அவ்வாண்டிலேயே போரில் இறந்தவர். லீயிடமிருந்து விடுவிக்கப்பட்ட தொடர் கிரெக்கிடம் ஒப்படைக்கப்பட்டதால் அதன் மீதிருந்த நிழல் எவ்வாறு விலகிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

எனினும் அறிக்கையின் முதன்மையான குறை மூலத் தேடலில் இல்லை. பாடலுக்கு இனவெறி நோக்கம் இல்லை என்று அது சொன்ன முடிவில் இருக்கிறது. தலைவரைக் கிண்டல் செய்யவே மாணவர்கள் பாடினர், ஆகவே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் எண்ணம் அதில் இல்லை என்பது தருக்கம். இங்கே ‘பாடல்’ என்பது தாளில் உள்ள சொற்களாகவும், மேடையும் முகப்பூச்சும் அதன் சூழலாகவும் பிரிந்துவிடுகின்றன. சூழல் வருந்தத்தக்கது, பாடல் குற்றமற்றது என்னும் முடிவு இப்பிரிவினையிலேயே அடங்கியிருக்கிறது.

செய்யுளியல் காட்டும் வழி

தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இப்பிரிவினை இயல்பானதாகத் தோன்றாது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. மாத்திரை, அசை, சீர் போன்ற ஒலியமைப்புகளோடு ஒரே வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியனவும் உறுப்புகளாகவே எண்ணப்படுகின்றன. யார் சொன்னார், யார் கேட்டார், எங்கு, எப்போது என்பவை செய்யுளுக்கு வெளியே நின்று விளக்கம் தருபவை அல்ல. செய்யுளின் உடம்பைச் சேர்ந்தவை. அகப்பாடல் மரபை முன்னிறுத்திய ஓர் இலக்கணத்தை அமெரிக்கக் கல்லூரிப் பாட்டுக்குப் பொருத்துவது முறையா என வினவலாம். நான் அதனை விதியாகக் கொள்ளவில்லை. ஒரு வினாவை எழுப்ப உதவும் கருவியாகவே கொள்கிறேன். நாட்டார் வழக்காற்றுக் களப்பணியில் இறங்கியவர்கள் இதனை நேரில் அறிவர். இழவு விழாத வீட்டில் அமர்ந்து ஒப்பாரி பாடச் சொன்னால் பெண்கள் தயங்குவர். பாடலின் சொற்கள் அவர்களுக்கு மறந்துவிட்டதால் அன்று.

1903ஆம் ஆண்டு மேடைக்கு வருவோம். கேட்போர் யாவர்? அரங்கில் பிராத்தரும் இருந்தார் என்பது பதிவு. கறுப்பினத்தவர் எவரும் அப்பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்க இயலாத காலம் அது. அவர்களது வாக்குரிமையை முடக்கப் பயன்பட்ட தலைவரியை டெக்சாஸ் அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஏற்றிருந்தது. கூற்று யாருடையது? இங்குதான் ‘முன்னம்’ என்னும் உறுப்பு தேவைப்படுகிறது. இன்ன இடத்தில் இன்ன சொல் இன்னார்க்கு இன்னார் சொல்லத் தக்கது என்னும் பொருத்தத்தைக் குறிப்பது அது. மாணவன் தன் முகத்தோடு நின்று தலைவரைக் கேலி செய்வது அன்றைய ஒழுங்கில் எளிதன்று. அதற்கு உரிமம் தந்தது கேலியாட்ட மேடை. கரிமுகம் பூண்டவன் மதிப்பற்றவனாக நடிப்பதனால், அவன் எதையும் சொல்லலாம், தலைவரும் சிரிக்கலாம். பகடியின் இலக்கு பிராத்தர்தான். ஆனால் அப்பகடி இயங்குவதற்குத் தேவைப்பட்ட விசை கறுப்பினத்தவரின் இழிவு. இலக்கைக் கண்ட குழு விசையைக் காணவில்லை. நோக்கம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். வேண்டுமென்று எண்ணி இழிவுபடுத்த வேண்டிய தேவைகூட இல்லாத அளவுக்கு அவ்விழிவு அம்மேடையின் தளமாகவே அமைந்திருந்தது என்பதுதான் இன்னும் கவலைக்குரியது.

புளோரிடாவின் முழக்கம்

களன் என்றென்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்குமா என்று கேட்பது நேர்மையான மறுப்பே. பாடல்கள் இடம்பெயர்கின்றன, நூறு ஆண்டுகளில் இப்பாடல் பட்டமளிப்பு, திருமணம், இறுதிச் சடங்கு எனப் பல களன்களைக் கண்டுவிட்டது. புதிய களன்கள் பழையதை அழித்துவிடும் என்று வாதிடலாம். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இதன் மறுதலை நிகழ்ந்தது. 2020 ஜூன் மாதத்திலேயே அதன் தலைவர் கென்ட் ஃபக்ஸ், ‘கேட்டர் பெயிட்’ என்னும் அரங்க முழக்கத்தை நிறுத்தினார். எதிரணியை முதலைக்கு இரையாகச் சொல்லும் முழக்கம் அது. தம் பல்கலைக்கழக முழக்கத்திற்கு இனவெறித் தொடர்பு இருந்ததாகச் சான்றில்லை என்று அவரே குறிப்பிட்டார். ஆயினும், கறுப்பினக் குழந்தைகளை முதலைக்குத் தூண்டில் இரையாகச் சித்திரித்த அஞ்சலட்டைகள் முற்காலத்தில் விற்பனையாயின. அச்சொல் அக்கொடிய படிமத்தைச் சுமக்கிறது என்பது அவர் தந்த காரணம். 1990களில் அம்முழக்கத்தைப் பரவலாக்கிய முன்னாள் வீரர் லாரன்ஸ் ரைட் கறுப்பினத்தவர். அவர் இம்முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. புதிய களனில் சொல்லுக்குப் புதிய கூற்றாளர் ஒருவர் வாய்த்திருந்தார். அவரைக் கேளாமலே முடிவு எடுக்கப்பட்டதாக அவர் உணர்ந்தார்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. தொடர்பு நிறுவப்படாத இடத்தில் முழக்கம் நீங்கியது. அரங்கேற்ற மேடையே ஆவணமாக இருந்த இடத்தில் பாடல் நிலைத்தது. ஆகவே தோற்றம் பற்றிய ஆராய்ச்சி எங்கும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. டெக்சாசில் என்ன தீர்மானித்தது என்பதற்கு ஒரு குறிப்பு, அறிக்கை வெளிவருவதற்குச் சில நாள்கள் முன்னர் ‘டெக்சாஸ் டிரிபியூன்’ இதழ் வெளிக்கொணர்ந்த மின்னஞ்சல்களில் உண்டு. தலைவர் ஜே ஹார்ட்செலுக்கு முன்னாள் மாணவர்களும் நன்கொடையாளர்களும் எழுதியவை அவை. பாடலைக் கைவிட்டால் கொடையை நிறுத்துவோம் எனப் பலர் எழுதியிருந்தனர். குழுவின் உறுப்பினர்கள் இவ்வழுத்தத்திற்குப் பணிந்தனர் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. அவ்வாறு ஐயுறவும் இல்லை. எனினும் பாடல் தொடரும் என்று அறிவித்த பின்னரே அதன் வரலாறு ஆராயப்பட்டது என்னும் கால வரிசையைக் கவனிக்காமல் இருக்க இயலாது.

ஒலிபெருக்கியின் கூற்று

2020ஆம் ஆண்டுப் பருவத்தில் நிகழ்ந்த ஒன்று, பாடலின் இன்றைய களனைப் பற்றி அறிக்கையைவிட மிகுதியாகச் சொல்கிறது. அக்டோபரில் பேய்லர் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்திற்கு இசைக்குழு வரவில்லை. அப்பாடலை வாசிக்க இசைந்த உறுப்பினர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை. பாடல் நிற்கவில்லை. பதிவு செய்யப்பட்ட இசை ஒலிபெருக்கியில் எழுந்தது. அதே மாதம் டல்லாசில் ஓக்லஹோமாவிடம் தோற்ற பின், பெரும்பாலான வீரர்கள் களத்தை விட்டு நீங்கியிருக்க, அணியின் முன்னணி வீரர் சாம் எலிங்கர் ஏறத்தாழத் தனியராய் நின்ற நிழற்படம் நாடெங்கும் பரவியது. வாசிப்போர் இல்லை, பாடுவோர் குறைவு, பாடல் மட்டும் ஒலிக்கிறது. கூற்றுக்குரியவர் விலகிய பின்னும் நீடிக்கும் இப்பாடல் யாருடைய கூற்று?

பாட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என நிருவாகம் உறுதி கூறியது. ஆனால் பாடாதவர் பாடலுக்கு வெளியே சென்றுவிடுவதில்லை, அவர் கேட்போராகிறார். தம்மை நோக்கும் கண்களைப் பற்றிய பாடலை, இலட்சம் பேரின் கண்களுக்கு முன்னால் வாய் திறவாது நின்று கேட்கும் இருபது வயது இளைஞரின் நிலையை ‘விருப்பத் தெரிவு’ என்னும் சொல் முழுமையாக விளக்கிவிடாது.

2021 ஏப்ரலில் நிருவாகம் ஒரு தீர்வை முன்வைத்தது: பாடலை வாசிக்க விரும்பாதவர்களுக்குத் தனியே மற்றோர் இசைக்குழு தொடங்கப்படும், பழைய குழுவில் இருப்போர் பாடலை வாசித்தாக வேண்டும். நல்லெண்ணத்தில் எழுந்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அறிந்தவர் அதனை அமைதியாகப் படித்திருக்க முடியாது. ஹெமன் ஸ்வெட் என்னும் கறுப்பினத்தவர் அங்குச் சட்டக் கல்வி பயில விண்ணப்பித்தபோது, அவரைச் சேர்ப்பதற்கு மாறாக மாநிலம் கறுப்பினத்தவர்க்கெனத் தனியே ஒரு சட்டப் பள்ளியை ஏற்படுத்தியது. அப்பள்ளி நிகரானதன்று என்று 1950இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அவர் உள்ளே நுழைந்தார். நீதிமன்றம் அன்று கட்டடத்தையும் நூலகத்தையும் மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை; ஒரு நிறுவனத்தின் மரபு, மதிப்பு, முன்னாள் மாணவரின் செல்வாக்கு ஆகிய எண்ணிக்கைக்கு உட்படாதவற்றையும் கருத்தில் கொண்டது. அதே மரபும் அதே முன்னாள் மாணவர் செல்வாக்கும் இப்போது பழைய இசைக்குழுவின் பக்கமே நிற்கின்றன.

2021 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலக் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமும் மாணவர் சிலரும் கூட்டரசின் கல்வித் துறையிடம் இது குறித்து முறையிட்டனர். அப்பருவத்து ஆட்டங்களின் முடிவிலும் பாடல் ஒலித்தது.