சேலை சொன்ன திசை

பறப்பதுதான் சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறங்குவதுதான் சுகம்! அதுவும் காற்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் திரும்பும் பிற்பகலில், இரண்டு காலும் புல்லில் பதிய இறங்குவது இருக்கிறதே... மூன்று வாரமாக வீட்டில் எனக்கு இதே பேச்சுதான். நான் வாயைத் திறந்தாலே மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

நான் தங்காக்காரன். துணிக்கடைக்குப் பேர்போன ஊர். 1,276 மீட்டர் லேடாங் மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தாலும், பறப்பதற்கு நெடுஞ்சாலை ஏறி சிலாங்கூருக்குப் போகிறேன். பந்திங் பக்கம் ஜுக்ரா குன்று. உச்சியில் கலங்கரை விளக்கம், கீழே வளைந்தோடும் லங்காட் ஆறு, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அங்கே முதுகில் பாராகிளைடரைக் கட்டிக்கொண்டு ஓடினால், பத்தாவது எட்டில் தரை இருக்காது!

பாராகிளைடருக்கு எலும்பு கிடையாது, துணியும் கயிறும்தான். அதன் ஒன்றுவிட்ட அண்ணன் ஹேங் கிளைடரும் துணியில் பிறந்ததுதான். 1948இல் அமெரிக்காவின் பிரான்சிஸ் ரோகாலோ மடங்கும் இறக்கை ஒன்றைச் செய்து பார்த்தபோது, அவர் மனைவி கெர்ட்ரூட் சமையலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துக் கொடுத்தாராம். துணிக்கடை ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட இனிப்பான வரலாறு வேண்டுமா?

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தப் பிற்பகலில் மேற்கிலிருந்து கடல் காற்று சீராக வந்தது. குன்றின் முகப்பிலே அரை மணி நேரம் சுகமாக மிதந்தேன். அப்புறம்தான் கிழக்கே ஒரு மழை மேகம் கருத்துத் திரண்டது. மழை மேகம் குளிர்ந்த காற்றைத் தரையில் கொட்டும்; அது நாலாபுறமும் தள்ளிக்கொண்டு வரும். உடனே திடல் பக்கம் திரும்பினேன். மேற்கே பார்த்து இறங்கத்தான் கணக்கு. ஆனால் காற்றின் திசை காட்ட வேண்டிய காற்றுப்பை துவண்டு தொங்கியது.

தோட்டத்து ஓரத்து வீடு ஒன்றில் கொடியில் காய்ந்த சேலை கண்ணில் பட்டது. மஞ்சள் சேலை, மேற்கு நோக்கிப் படபடத்தது. அதாவது காற்று கிழக்கிலிருந்து! பக்கத்தில் குப்பை எரிந்த புகையும் அதே பக்கம் சாய்ந்தது.

கணக்கு எளிது. என் இறக்கையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் எதிர்காற்றில் இறங்கினால் தரையில் 26தான். நாலு எட்டு ஓடி நின்றுவிடலாம். அதே காற்று முதுகில் அடித்தால் 46. அந்த வேகத்துக்கு உசேன் போல்ட்டாலும் ஓட முடியாது!

வாக்கி டாக்கியில் பயிற்சியாளர் அண்ணன் குரல்: "தம்பி, உயரம் இருக்கு, இப்பவே திரும்பிக்க. கீழ வந்தப்புறம் திரும்பாத. பக்கக் காத்தா இருந்தாலும் நேரா எறங்கு."

திடலின் மேற்கு ஓரத்துக்குப் போய், எட்டுப் போட்டு உயரத்தைக் கரைத்தேன். பிறகு கிழக்கே முகம், கால்கள் கீழே. தரை நெருங்க நெருங்க மரமும் புல்லும் காற்றைத் தடுத்துத் தளர்த்தும்; அதனால் பிரேக் கயிற்றை இழுக்காமல் வேகத்தைச் சேமித்து வைத்தேன். மூன்று மீட்டரில் ஒரு வீச்சு வந்து என்னை மேலே தூக்கியது! சட்டென்று கயிற்றைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்; இழுத்ததை விட்டுவிடக் கை துடித்தது. விட்டிருந்தால் இறக்கை முன்னால் பாய்ந்து, என்னை ஊஞ்சல் மாதிரி தரையில் அடித்திருக்கும். விடவில்லை. காலடியைப் பார்க்காமல், தூரத்துச் செம்பனை வரிசையைப் பார்த்தேன். ஆள் உயரம் வந்ததும் இரண்டு கயிற்றையும் மெல்ல மெல்ல இடுப்புவரை...

ஒரு எட்டு. இரண்டு எட்டு. நின்றேன்!

சட்டென்று திரும்பி, பின்வரிசைக் கயிறுகளை இழுத்து இறக்கையைப் படுக்க வைத்தேன். இல்லாவிட்டால் அது என்னைத் தரதரவென இழுத்துப் போயிருக்கும். பிறகு துணியை வாரிச் சுருட்டிக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்தேன். ஓர் அம்மா வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவசர அவசரமாகக் கொடியிலிருந்து சேலையை உருவிக்கொண்டிருந்தார்.