தொட்டுப் பாராத சரக்கு

கடைத்தெருவில் நின்று வாங்குகிறவனுக்குக் கண்ணும் கையும் துணையிருக்கின்றன. விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறான், துணியின் ஓரத்தை விரலிடையில் தேய்த்துப் பார்க்கிறான், அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறான். தபாலில் வரவழைக்கிறவனுக்கு இந்தச் சௌகரியங்களில் ஒன்றும் கிடையாது. வியாபாரி எங்கோ ஒரு பட்டணத்தில் இருக்கிறார். இவன் கையில் இருப்பதெல்லாம் அவர் அனுப்பிய 16 பக்கச் சிறு புத்தகம் ஒன்றுதான். கண்ணும் கையும் செய்ய வேண்டிய காரியத்தை எழுத்தையும் அச்சையும் கொண்டு செய்து முடிக்கும் அந்தக் கேட்லாக்கை, படித்தபின் எறிந்துவிடும் விளம்பரமாகக் கருதாமல், தனக்கென்று இலக்கணமும் லாகவமும் உடைய ஒரு கலையாகவே நான் ரசித்து வந்திருக்கிறேன்.

இந்தக் கலைக்குப் பெரிய வம்சம் ஒன்று உண்டு. ஊர் ஊராகச் சென்று விற்ற அனுபவமுடைய மாண்ட்கோமரி வார்டு, 1872-இல் சிகாகோ நகரத்திலிருந்து குடியானவர்களுக்கு ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு அனுப்பினார். பின்னர் வந்த ரிச்சர்ட் சியர்ஸ் தம் கேட்லாக்கின் வாசகங்களைப் பெரும்பாலும் தாமே எழுதினார். வார்டின் புத்தகத்தைவிடத் தம்முடையதை அளவில் சற்றுச் சிறிதாக அவர் அச்சிட்டாரென்றும், இரண்டையும் அடுக்கும் இல்லத்தரசி சிறியதைத்தானே மேலே வைப்பாள் என்பது அவர் கணக்கென்றும் ஒரு கதை வழங்குகிறது. நம் தேசத்தில் 1877-இல், பார்சலைக் கொடுக்கும்போது அஞ்சல்காரரே விலையை வசூலிக்கும் வி.பி.பி. முறையும், 1880-இல் மணியார்டரும் ஏற்பட்ட பிறகு, புத்தகமும் மருந்தும் விதையும் கடிகாரமும் விற்ற சிறு வியாபாரிகளுக்கும் அஞ்சல்காரர் எட்டும் ஊரெல்லாம் கடைவீதியாயிற்று.

பெரிய கம்பெனிகளின் தலையணை போன்ற கேட்லாக்குகளைக் காட்டிலும் சிறு வியாபாரியின் மெல்லிய புத்தகமே என் மனத்துக்கு உகந்தது. பெரிய இடத்தில் சரக்கு வாங்குகிறவர் ஒருவர், வருணனை எழுதுகிறவர் வேறொருவர், மூட்டை கட்டுகிறவர் மூன்றாமவர். சிறு கடையிலோ மூவரும் ஒருவரே. பொட்டலம் மடித்த விரலே பேனாவையும் பிடிப்பதால், அந்த வாக்கியங்களில் சரக்கின் ஸ்பரிசம் இருக்கிறது.

விதைக் கேட்லாக் ஒன்றில் வெண்டைக்கு இரண்டு விதமாக எழுதலாம். 'ஒப்புயர்வற்ற ரகம், அபார விளைச்சல், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்காமலிரார்' என்று எழுதுவது ஒரு விதம், வெண்டையை எடுத்துவிட்டுக் கத்தரியைப் போட்டாலும் இந்த வருணனைக்கு யாதொரு குறையும் நேராது. மற்றொரு விதம் இது: 'விதைத்த ஒன்றரை மாதத்தில் முதல் காய். விரல் நீளத்தில் பறித்தால் இளசு. ஒரு சாண் ஆகவிட்டால் நார் ஏறும். தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு ஆகாது.' இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கலைஞனின் கை தெரிகிறது. பள்ளக்கால் நிலம் உடையவன் இதைப் படித்தபின் வெண்டையை வாங்கமாட்டான். ஆனால் தனக்கு ஆகாததை ஆகாதென்று சொன்ன மனிதர் அடுத்த பக்கத்தில் அவரையைப் பற்றி எழுதியிருக்கும் நல்ல வார்த்தைகளை அவன் சந்தேகமின்றி நம்புவான். ஒரு குறையைத் தானாக ஒப்புக்கொள்ளும் வரி, ஒன்பது குணங்களுக்கு ஜாமீன் நிற்கிறது.

சித்திரத்தின் விஷயமும் இத்தகையதே. செலவுக்கு அஞ்சி மட்டரகக் காகிதத்தை வாங்கிவிட்டு, படம் மட்டும் புகைப்படமாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டு ஹாஃப்டோன் பிளாக் செய்வித்த வியாபாரிகள் அந்நாளில் அநேகர். ஹாஃப்டோன் என்பது புள்ளிகளின் கூட்டம். வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 133 வரிசைகளும் துலக்கமாக நிற்கும். சொரசொரப்பான காகிதத்திலோ 65 வரிசையைத் தாண்டினால் புள்ளிகளுக்கிடையே மசி புகுந்து, வெள்ளிக் குத்துவிளக்கு கரிப்பிடித்த குண்டானாகக் காட்சி தரும். விவரமறிந்தவர் அந்தக் காகிதத்துக்குக் கோட்டுச் சித்திரம் எழுதுவித்து லைன் பிளாக்கே போடுவார். தேர்ந்த ஓவியர் நான்கு கோடுகளில் குத்துவிளக்கின் இடுப்பு வளைவையும் ஐந்து முகத்தையும் காட்டிவிடுவார். பக்கத்தில் உயரத்தை அங்குலத்திலும் கனத்தைச் சேரிலும் குறித்துவிட்டால், புகைப்படம் மறைத்துவிடும் செய்தியும் வாசகனுக்குக் கிட்டிவிடும்.

இனி, புத்தகத்தின் உடலமைப்பைப் பார்க்கலாம். 20 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள ஒரு கிரௌன் தாளை இருபுறமும் அச்சிட்டு மும்முறை மடித்தால் 16 பக்கம். இதுவே ஒரு பாரம். எழுதி வந்த விஷயம் 18 பக்கம் நீண்டுவிட்டால், இரண்டு பக்கத்துக்காகத் தாளும் அச்சுக்கூலியும் அதிகம் கொடுப்பதா, இரண்டு பக்கச் சரக்கைக் கழிப்பதா என்ற தர்மசங்கடம் தோன்றும். நல்ல வியாபாரி கழிக்கவே செய்வார். எதைக் கழிப்பதென்று யோசிக்கும்போதுதான் தம் கடையில் நெடுநாளாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சரக்கு எதுவென்பது அவருக்கே புலப்படும். அச்சுக்குக் கொடுக்குமுன் வெற்றுத் தாளை அதே அளவில் மடித்து, அட்டையும் மேலுறையும் சேர்த்துத் தராசில் நிறுத்துப் பார்ப்பதும் சம்பிரதாயம். காகிதம் ஒரு மாற்றுத் தடித்துத் தபால் கட்டணம் ஒரு படி ஏறிவிட்டால், ஆயிரம் பிரதிகளில் அந்த நஷ்டம் சிறிதாக இராது. புக் போஸ்டில் போகும் கட்டைத் தபால்காரர்கள் திறந்து பார்க்கும்படி விடவேண்டும், உள்ளே சொந்தக் கடிதம் வைக்கலாகாது என்ற விதி இருந்தபடியால், வாடிக்கையாளருக்குச் சொல்ல விரும்பியதையெல்லாம் வியாபாரி முதற்பக்கத்திலேயே அச்சிட்டுவிடுவார். விதியின் நிர்ப்பந்தத்தால் பிறந்த அந்த முதற்பக்க விண்ணப்பங்களில் சில, நல்ல உரைநடைக்கு உதாரணமாக நிற்கத் தக்கவை.

விலைப் பத்தியின் அழகு அனுபவித்தவர்க்கே விளங்கும். ஈய எழுத்தில் எண்கள் யாவும் ஒரே அகலத்தில் வார்க்கப்பட்டிருப்பதால், கம்போசிட்டர் அவற்றை வலப்புறம் ஒட்டி அடுக்க, ஒன்றின் கீழ் ஒன்றாக ஸ்தானம் பிசகாமல் நிற்கும். சரக்கின் பெயரிலிருந்து விலைவரை ஓடும் புள்ளி வரிசை, கண்ணைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று சேர்க்கும். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகளாயிருந்த இந்த ஒழுங்கு, 1957 ஏப்ரல் 1 முதல் நயாபைசா வந்தபோது இரண்டாகச் சுருங்கியது. 3 அணாச் சரக்கு 18¾ நயாபைசாவில் நிற்க முடியாமல் 19 ஆயிற்று. விலை மாறும் இயல்புடையதென்பதை உணர்ந்த தீர்க்கதரிசிகள் இதற்கு முன்னரே ஓர் உபாயம் கண்டிருந்தனர்: வருணனையைப் புத்தகத்தில் நம்பரிட்டு அச்சிட்டு, விலையை மட்டும் தனித்தாளில் அடித்து உள்ளே செருகிவிடுவர். தாள் மாறும், புத்தகம் மூன்று வருஷம் உழைக்கும். அந்த நம்பர்களிலும் ஒரு முன்யோசனை உண்டு. ஒவ்வொரு பிரிவின் இறுதியிலும் சில எண்களைக் காலியாக விட்டு வைத்தால், பின்னால் வரும் புதுச் சரக்கு தன் இனத்தோடேயே போய் அமரும்.

ஆயினும், ஒரு கேட்லாக்கைக் கையில் எடுத்ததும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்து ஆர்டர் பாரத்தைத்தான். பெயருக்கு விட்ட கோடு இனிஷியலோடு எழுதப் போதுமா, கிராமமும் தபாலாபீஸும் ஜில்லாவும் தனித்தனியே கேட்கப்பட்டிருக்கின்றனவா, கனத்த சரக்கானால் அருகிலுள்ள ரயில் நிலையம் எதுவென்று கேட்கத் தோன்றியிருக்கிறதா, கேட்ட சரக்கு இல்லாவிட்டால் பதிலுக்கு வேறு அனுப்பலாமா என்று சம்மதம் பெற ஓர் இடமுண்டா என்று பார்ப்பேன். இவை சரியாக இருந்தால், எழுதியவர் தம் வாடிக்கையாளரை மேஜைக்கு எதிரே உட்கார்த்திவைத்து யோசித்திருக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இத்தனைக்கும் கடுமையான பரீட்சை வி.பி.பி.யே. கேட்லாக்கில் கண்ட வாக்குக்கு மாறாகப் போன பார்சலை ஒருமுறை வாங்கி ஏமாந்தவன், மறுமுறை அஞ்சல்காரர் நீட்டும்போது பணம் கட்ட மறுத்துவிடுவான். தபால் செலவு வியாபாரியின் தலையில் விழும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு பழக்கம் வைத்திருந்தனர். ஒரு பிரதியின் பக்கங்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்துத் தைத்து, வாடிக்கையாளர் கடிதத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும், திரும்பிவந்த ஒவ்வொரு பார்சலையும் உரிய சரக்கின் எதிரில் குறித்து வருவார்கள். 'இந்த எண்ணெயைக் குழந்தைகளுக்குத் தேய்க்கலாமா' என்று நாலு பேர் கேட்டிருந்தால், வருணனையில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்றென்று பொருள். அடுத்த பதிப்பில் அந்த வரி ஏறும், அதற்கு இடம் வேண்டி 'அற்புதமான' என்ற சொல் இறங்கும்.