சட்டம் வகுப்பறைக்கு வரும்போது

1972இல் வாஷிங்டன் நகரில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று அன்றாட வாழ்வுக்கான சட்டம் கற்பிக்கலாயினர். ‘தெருச் சட்டம்’ எனப்பட்ட இம்முயற்சியில் பின்னர் சட்டத்தரணிகளும் தொண்டராய்ச் சேர்ந்தனர். குடியியலை நெட்டுருப் பண்ணுவிக்கும் நம்மனோர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும், சட்டத்தரணி தீர்ப்பைக் கையிலேந்தி வருபவர். உரிமை நீதிமன்றத்திலேயே பிறந்ததென மாணவன் மயங்கக்கூடும். 1965இல் அயோவா மாநிலத்தில், வியட்நாம் யுத்தத்தில் மாண்டோர்க்காகக் கறுப்புப் பட்டி அணிந்த மாணவரைப் பாடசாலை இடைநிறுத்தியது. பதின்மூன்று வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. 1966இல் கீழ் நீதிமன்றம் பாடசாலையின் பக்கமே நின்றது. 1969இலேதான் உயர் நீதிமன்றம் மாணவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை விளக்கும் சட்டத்தரணி, தடையை மீறிப் பட்டி கட்டிய அந்தக் காலைப்பொழுதையும் விளக்குவாரா? பாடசாலை அதிபர் அதற்கு இடங்கொடுப்பாரா?