பால் டி குரைஃபின் ‘ஆண் ஹார்மோன்’

நுண்ணுயிர்களைத் தேடிக் கண்டோரின் வரலாற்றை 1926-ஆம் ஆண்டில் எழுதிப் புகழ் பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் பால் டி குரைஃப். அவர் 1945-இல் ‘ஆண் ஹார்மோன்’ என்றொரு நூலை வெளியிட்டார். ஐம்பதைக் கடந்து தளர்ந்த ஆடவர், டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீரை மருந்தாகக் கொண்டு மீண்டும் வலிமை பெறலாம் என்பது அந்நூலின் துணிபு. தாமே அதனை உட்கொண்டு வந்ததையும் அவர் மறைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். எனக்கும் ஏறத்தாழ அதே வயது. ஆகவே, பற்றற்ற மனத்தோடு படித்தேன் என்று சொல்ல இயலாது.

இந்நீரைத் தேடிய வரலாறு சுவையானது. 1889-இல் பாரிசில் பிரௌன் செக்கார் என்னும் முதியவர், தம் எழுபத்திரண்டாம் வயதில், விலங்குகளின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்திக்கொண்டு இளமை திரும்பியது என்று அறிவித்தார். 1931-இல் ஜெர்மானியரான பூட்டனாண்ட், காவலர்களின் சிறுநீரை ஆயிரக்கணக்கான லிட்டர் காய்ச்சி, 15 மில்லிகிராம் ஆண் சுரப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1935-இல் டெஸ்டோஸ்டிரோனே தனித்தெடுக்கப்பட்டது; அவ்வாண்டே ஆய்வுக்கூடத்தில் ஆக்கவும் பட்டது. இத்தகைய செய்திகளைத் துப்பறியும் கதைபோல நடத்திச் செல்வதில் டி குரைஃபுக்கு நிகர் அவரே.

குறை, முடிவு கட்டும் இடத்தில் இருக்கிறது. களைத்தவன் உடலில் இந்நீர் குறைந்திருந்தால், அக்குறைவே களைப்புக்குக் காரணம் என்று அவர் கொண்டுவிடுகிறார். களைப்பும் உறக்கமின்மையுமே இந்நீரைக் குறைக்கக் கூடுமே என்ற வினா அங்கே போதிய இடம் பெறவில்லை.

விதைகள் தாமாகச் சுரப்பன அல்ல. மூளை ஆணையிட, பிட்யூட்டரி சுரப்பி அதனைக் கடத்த, அவை சுரக்கின்றன. நெடுநாள் நெருக்கடியில் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோலை மிகுதியாக வெளியிடும்போது அவ்வாணை தணிகிறது. சிகாகோவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில், நலமுள்ள இளைஞர் பதின்மர் ஒருவாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கினர். அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது. வயதினால் ஏற்படும் குறைவோ நடுவயது முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். ஒருவார உறக்கக்கேடு பத்தாண்டு முதுமைக்கு ஈடாகிறது! அமெரிக்கப் படையின் ரேஞ்சர் பயிற்சியில் அரைவயிற்று உணவோடும் அரை உறக்கத்தோடும் எட்டு வாரம் உழன்ற இளம் வீரர்களுக்கு இந்நீர் மிகவும் தாழ்ந்தது. வயிறார உண்டபின் மீண்டது.

விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களையும், நள்ளிரவு வரை அறிக்கை எழுதும் தலைமையாசிரியர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். என் நண்பர் ஒருவர், பள்ளித் தணிக்கை முடிந்த வாரம், மாலை வேளையில் குருதி சோதித்து, அளவு குறைவென்று கேட்டு ஊசிக்குப் பணம் கட்டிவிட்டார். இந்நீர் காலையில் மிகுந்து மாலையில் குறைவது இயல்பு. காலையில், இருமுறை சோதிப்பதே முறை. வெளியிலிருந்து செலுத்தினால் உடலின் சொந்தச் சுரப்பு ஒடுங்கும் என்பதும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

உண்மையான குறைபாடு இல்லை என்பார் கூற்றும் பொருந்தாது. ஐரோப்பிய நகரங்கள் எட்டில் 40 முதல் 79 வயதுடைய மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தவர்கள், 2010-இல், நூற்றுக்கு இருவரளவிலேயே அறிகுறியும் குறைவும் சேர்ந்த நிலையைக் கண்டனர். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், குறைவுடைய முதியோர் 790 பேருக்கு ஓராண்டு மருந்தோ வெற்றுமருந்தோ தரப்பட்டது. காமவேட்கை ஓரளவு உயர்ந்தது. சோர்வு நீங்குவதில் தெளிவான பயன் இல்லை. டி குரைஃப் உறுதிகூறியதோ அந்தச் சோர்வு நீக்கத்தையே. இவ்வாய்வுகள் அவர் காலத்தன அல்ல என்பது உண்மை. ஆயினும், சுரப்புக் குறைந்தோரையும் மனத்தளர்ச்சியால் அவ்வாறு தோன்றுவோரையும் சோதித்துப் பிரிக்கும் வழியை ஹெல்லர், மையர்ஸ் என்னும் மருத்துவர் இருவர் 1944-இலேயே எழுதியிருந்தனர்.

தமிழாசிரியர்க்கு ஒன்று. இந்நீரை ‘ஆண்மை நீர்’ என்று பெயர்ப்போர் உளர். வள்ளுவர் ‘பேராண்மை’ என்ற சொல்லைப் பிறனில் விழையாமை அதிகாரத்தில் ஆண்டவர். அதனைப் பாடம் சொல்லும் நாம், இந்நீர் குறைந்தவனை ஆண்மை குறைந்தவன் என்று பொருள்படும்படி எழுதலாமா? டெஸ்டோஸ்டிரோன் என்றே எழுதுக. மாணவர்க்கு நாவில் புரளும்.

வரலாறு கூறும் பகுதிகளை யாரேனும் தமிழாக்கினால் மேல்வகுப்பு மாணவர்க்கு நல்ல வாசிப்பாகும். மருந்தைப் பரிந்துரைக்கும் பகுதிகளுக்கு ஒரு மருத்துவரின் அடிக்குறிப்புகள் உடனிருத்தல் வேண்டும். நண்பர் ஊசியை நிறுத்திவைத்து, வரும் பள்ளி விடுமுறையில் காலையில் மறுபடி சோதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.