பொழுதோட வாங்க

கோயம்புத்தூர்ச் சாயங்காலத்தை ரசிக்க விரும்புகிறவர் முதலில் மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30, 40 கிலோமீட்டருக்கு மலையே இல்லை. அந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வந்த மழையில் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு அந்த வாசல் வழியே நம் பக்கம் நுழைகிறது. கை வெறுமையே தவிர வேகத்துக்குக் குறைவில்லை. ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுவதும், உள்ளூர்ப் பெரியவர்கள் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடப்பதும் இந்தக் காற்றினால்தான். பங்குனி, சித்திரை வெயில் இங்கும் காயத்தான் செய்கிறது. ஆனாலும் பகல் எவ்வளவு காய்ந்தாலும் பொழுது இறங்கியதும் மேற்கே இருந்து ஒரு காற்று எட்டிப் பார்த்துவிடும் என்று ஊர் நம்புகிறது. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. சென்னைக்காரர் மெரினாவுக்குப் போய்த் தேடுகிற காற்று கோவைக்காரருக்கு வாசலில் நாற்காலி போட்டாலே கிடைத்துவிடுகிறது.

சிறுவாணித் தண்ணீரைப் பற்றித் தொடங்கினால் கட்டுரை முடியாது. கோவைக்காரர் எந்த வெளியூருக்குப் போனாலும் முதல் மடக்கிலேயே அந்த ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லுவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அணை கேரளத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அப்போது அவர் சொல்ல மாட்டார்.

காற்றும் தண்ணீரும் இயற்கை கொடுத்தவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக் கட்டுவது மனிதர்கள் பழகிக்கொண்ட கலை. அதை இந்த ஊர் பழகியது உழைப்பின் நடுவில். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்த பிறகு மில்கள் வரிசை கட்டின. பின்னாலேயே பவுண்டரி, பம்புசெட், கிரைண்டர். இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு இங்கே நேரம் சொன்னது மில் சங்குதான். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார்கள். ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் நடுவே கிடைக்கிற பொழுது சின்னது. வீணாக்கினால் திரும்பி வராது. கையில் காசும் அளவுதான். ஆகவே இங்கே சாவகாசத்துக்கு ஒரு அளவும் ஒழுங்கும் வந்து சேர்ந்தன. இந்த ஊருக்குப் பொழுதுபோக்கு ஒன்றும் புதிதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லேயே இங்கே வெரைட்டி ஹால் என்ற நிலையான சினிமாக் கொட்டகையைத் திறந்துவிட்டார். இன்றும் அந்த ரோட்டுக்கு அதுதான் பெயர். ஆனால் தினசரி ஓய்வு சினிமாவில் இல்லை. அது பேக்கரியில் இருக்கிறது.

மற்ற ஊர்களில் பேக்கரி என்றால் பிறந்தநாள் கேக் வாங்கப் போகிற கடை. கோவையில் அது டீக்கடை. முகப்பில் பாய்லர், அதன் பக்கத்தில் மாஸ்டர், பின்னால் கண்ணாடிப் பெட்டிகளில் தேங்காய் பன், வெஜ் பப்ஸ், முட்டை பப்ஸ், ஊட்டியிலிருந்து வந்த வர்க்கி, ரோஸ் கலர் கிரீம் தடவிய, யாரும் அவசரப்பட்டு வாங்காத கேக். வாசலில் பைக்குகள். வருகிறவர்களில் பெரும்பாலோர் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டு குடிப்பதில்தான் இந்தக் கலையின் நுட்பம் இருக்கிறது என்பேன். உட்கார்ந்துவிட்டால் பேச்சுக்குக் கடன்பட்டுவிடுகிறோம். எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும், சொல்லிக்கொண்டு போக வேண்டும். நிற்கிறவனுக்கு அந்தக் கடன் இல்லை. கிளாஸ் காலியானால் கிளம்பலாம், காலியாகாமலும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு டீயை இருபது நிமிஷம் குடிக்கத் தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசி மடக்கு ஆறிப்போய்த்தான் இருக்கும். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.

பேச்சும் அதே நிதானத்தில்தான் போகும்.

"ஏனுங்ணா, உங்க பக்கம் மழைங்களா?"

"எங்கீங்ணா, தூத்தல் போட்டுட்டுப் போயிருச்சு."

"போர் போட்டீங்களாட்ட இருக்குது?"

"ஆயிரத்தி எரநூறு அடி போட்டமுங்க. பொகைதான்."

இதற்கு யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். ஆயிரத்து இருநூறு அடி தோண்டித் தண்ணீருக்குப் பதில் வெறும் மண்புகை வந்தது என்றால் அது பல லட்சம் போன கதை. எல்லோருக்கும் அது தெரியும். ஒருவர் டீயை உறிஞ்சுவார், இன்னொருவர் ரோட்டைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "பப்ஸ் சாப்பிடறீங்களா?" என்று கேட்கப்படும். எந்த அளவுக்குப் பேசுவது, எங்கே வாயை மூடுவது என்று தெரிந்த இந்த மௌனத்தை நான் நல்ல கச்சேரிகளில்தான் கண்டிருக்கிறேன். பிறகு காசு கொடுக்கும் சண்டை. இருவரும் ஒரே நேரத்தில் சட்டைப்பைக்குள் கைவிட்டு, "நீங்க இருங்க, நாங் குடுக்கறனுங்" என்பார்கள். போன தடவை யார் கொடுத்தது என்று இருவருக்குமே நினைவிருக்கும். ஆனாலும் சண்டையை நடத்தியே ஆக வேண்டும்.

பேக்கரிக்குப் போக நேரமில்லாத இளவட்டங்களுக்குத் தள்ளுவண்டிக் காளான் இருக்கிறது. பெரிய கல்லில் காளானையும் முட்டைக்கோசையும் போட்டுக் கொத்தி, மசாலாவில் குழைத்து, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிச் சின்னத் தட்டில் தருவார்கள். காளானைவிடக் கோஸ்தான் அதிகம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. கரண்டி கல்லில் கொத்துகிற சத்தத்துக்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

டவுனை விட்டு வெளியே, தோட்டத்து வீடுகளான சாளைகளில், இதே பொழுது வேறு சாமானைக் கேட்கிறது. கயிற்றுக் கட்டில். வேப்பமரத்தடியில் போட்ட கட்டிலில் கவனிக்க வேண்டியது கால்மாட்டை. நெசவு சட்டத்தின் மறுமுனை வரைக்கும் போகாமல் முன்னாலேயே நின்றுவிடும். மிச்ச இடத்தில் தனிக் கயிறு ஒன்று சட்டத்துக்கும் நெசவுக்கும் நடுவே போய்ப் போய் வரும். கட்டில் தொய்ந்தால் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். ஆள் எடைக்கும் வயதுக்கும் தக்கபடி முறுக்கி வைக்கலாம், தளர்த்தியும் வைக்கலாம். நல்ல கட்டில் அடியிலிருந்தும் காற்றை விடும். முதுகு வேர்க்காது. இப்போது நைலான் நாடா போட்ட கட்டில்கள் வந்துவிட்டன. துடைக்கச் சுலபம், பல வருஷம் வரும் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நைலான் உடம்பைத் தாங்கும், உடம்புக்கு இணங்காது. தேங்காய் நார்க் கயிறு முதலில் குத்தத்தான் செய்யும். ஒரு பருவம் படுத்துப் பழக்கிவிட்டால் அதன் பிறகு எழுந்திருக்க மனசு வராது. அப்பாரு படுத்துப் படுத்துப் பழக்கிய கட்டிலில் பேரன் வந்து விழுகிறான் என்றால் அவனுக்கு உழைப்பில்லாமல் கிடைத்த சொத்து அது.

விருந்தாளியாக ஒறம்பரை வந்திருந்தால் கட்டிலை வீட்டு ஆசாரத்துக்கு முன்னால் இழுத்துப் போடுவார்கள். காப்பித்தண்ணி வரும், வேகவைத்த கடலைக்காய் வரும். பருவம் இருந்தால் பதநீரான தெளுவைக் காலையிலேயே இறக்கிக் குடித்து முடித்திருப்பார்கள். மாலைக்கு இளநீர்தான். பொள்ளாச்சி இளநீரின் சுவையை ஊரறியும். நான் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மாலையை யார் அனுபவிக்கிறார்கள் என்று கேட்டால்தான் ரசிகனுக்குக் கொஞ்சம் சங்கடம். பேக்கரி வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பீளமேட்டுப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வருவது உண்மைதான், ஆனால் ஐம்பது வயது அம்மிணி ஒருவர் தனியாக நின்று டீ குடிப்பதைப் பார்ப்பது அரிது. கட்டிலில் சாய்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஆண்தான், கடலைக்காயை வேகவைத்தவர் அடுப்படியில் இருப்பார். கொங்குச் சமையலில் அந்தப் பெண்களின் களைப்புக்கு இரங்கி உருவானது போன்ற ஒரு சோறு உண்டு என்றால் அது அரிசியும் பருப்பும்தான். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம் எல்லாம் ஒரே பாத்திரத்தில். தனிக் குழம்பு வேண்டாம், தனி ரசம் வேண்டாம். மேலே ஒரு கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ, பக்கத்தில் அப்பளமோ தயிரோ. விருந்துக்கு அதை யாரும் வைப்பதில்லை. சாதாரண ராத்திரிகளுக்கென்றே உள்ள சாப்பாடு அது. அடுப்படியை அரைமணி நேரம் முன்னதாகவே மூடிவிட வைக்கிற சமையலை நான் பெரிய சமையல் என்றே சொல்வேன்.

மாநகராட்சி தன் பங்குக்குக் குளக்கரைகளை அலங்கரித்திருக்கிறது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் கலர் விளக்குகளும் வந்துவிட்டன. குடும்பமாக வந்து நடக்கிறார்கள், பெண்கள் பயமில்லாமல் உட்காருகிறார்கள். அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் நொய்யல் ஆற்றை நம்பிய இந்தக் குளங்களுக்கு இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பறவைகளுக்கும் புரிந்திருக்காது. நடக்கத்தான் வேண்டுமென்றால் ரேஸ் கோர்ஸ் சுற்று எனக்குப் போதும். இரண்டரைக் கிலோமீட்டர், பெரிய மரங்கள், முன்னால் போகிறவரை முந்த வேண்டிய அவசியமில்லை.

பெண்கள் தங்களுக்கென்று ஒரு மாலையைப் பிடித்துக்கொண்ட இடம் கும்மி. கோவை, திருப்பூர், ஈரோட்டுக் கிராமங்களில் வள்ளி கும்மி மறுபடி தழைத்திருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் பல பத்தாண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுத்தவர். ஆண்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் பெண்களைச் சேர்த்ததற்காகவும் பேசப்படுகிறவர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வேலை முடிந்து, குளித்து, கோயில் மைதானத்துக்கு வந்து சேர்கிற கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கும், பாட்டி வயது அமுச்சியும் இருப்பார். ஆசிரியர் ஒரு அடி பாடுவார், கால் எங்கே வைப்பது, எந்த இடத்தில் குனிவது, எப்போது திரும்பித் தட்டுவது என்று காட்டுவார். தினைப்புனம் காத்த வள்ளியும் கிழவனாக வந்த முருகனும் யானையும் அந்தப் புழுதியில் மெல்ல உருவாவார்கள்.

சில இடங்களில் இந்தக் கும்மியைச் சாதிப் பெருமை பேசும் மேடையாக்கப் பார்க்கிறார்கள். குறவர் குடியில் பெண் தேடிப் போன முருகனின் கதையை ஆடிக்கொண்டே அதைச் செய்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அரங்கேற்றங்களுக்கு இப்போது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், ஒரே நிறப் புடவையில் வரிசை கட்டுகிறார்கள். ட்ரோன் மேலே பறக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் அரங்கேற்றத்துக்குப் போக வேண்டாம், பயிற்சியின் மூன்றாவது வாரத்தில் போங்கள். பாதி அடவு கைவந்திருக்கும், பாதி வந்திருக்காது. இடப்பக்கம் திரும்ப வேண்டிய நாலு பேர் வலப்பக்கம் திரும்பி, எதிரில் வருகிறவரோடு மோதிச் சிரிப்பார்கள். பாட்டு நின்றுவிடும். ஆசிரியர் கோபித்துக்கொள்வதாகக் காட்டிக்கொண்டு, "மறுக்காப் பார்க்கலாமுங்" என்று முதல் அடியிலிருந்து எடுப்பார். சிரித்துக்கொண்டே வரிசைக்குத் திரும்புகிற அந்தக் கால்களில்தான் ஆட்டம் இருக்கிறது. போகிறவர்கள் ஏழு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்கெல்லாம் முடித்துவிடுவார்கள். அந்த வரிசையில் பலருக்கு விடிகாலையில் தறிக்குப் போக வேண்டும்.