வெற்றியும் தலைவனும்: தொழினுட்பக் கம்பனித் தலைவர் பற்றிய பொதுசன அபிப்பிராயம் – ஒரு விமர்சன நோக்கு

2013 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23 ஆந் திகதி, மைக்ரோசொப்ட் கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவிருந்த ஸ்டீவ் பால்மர், பன்னிரண்டு மாதங்களுள் தாம் ஓய்வுபெறப் போவதாக அறிவித்தார். அன்று அக்கம்பனியின் பங்கு விலை நூற்றுக்கு ஏழு வீதத்துக்கு மேல் உயர்ந்தது. ஏறத்தாழ 33 கோடிப் பங்குகளைத் தம் பெயரில் வைத்திருந்த பால்மர், தாம் விலகுகிறார் என்ற செய்தி ஒன்றினாலேயே அந்த ஒரு நாளில் 700 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டிக்கொண்டார். தலைவன் ஒருவனின் தகுதிபற்றிப் பொதுசன அபிப்பிராயம் வழங்கிய தீர்ப்புகளுள் இதனைவிட வெளிப்படையானது பிறிதொன்று இருத்தல் அரிது.

அத்தீர்ப்பு எதனை ஆதாரமாகக் கொண்டது என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. பால்மர் 2000 ஆம் ஆண்டு சனவரியிற் பதவியேற்றார். அவ்வாண்டு நிதிக் கணக்கின்படி மைக்ரோசொப்ட்டின் வருமானம் ஏறத்தாழ 23 பில்லியன் டொலர். 2013 இல் அது ஏறத்தாழ 78 பில்லியன். தேறிய இலாபம் இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. கணக்கேட்டை மாத்திரம் நோக்குவோர்க்கு இவர் வெற்றிபெற்ற முகாமையாளர். ஆயினும் பத்திரிகைகளும் சந்தையும் இவரைத் தோல்வியின் உருவாகவே கண்டன. காரணம் தேடிச் செல்வோர் முதலிற் கவனிக்கவேண்டியது அவர் பதவியேற்ற காலத்தையாகும். இணையக் கம்பனிகளின் பங்குகள் வரம்பின்றி ஊதிப் பெருத்திருந்த வேளை அது. மைக்ரோசொப்ட்டின் பங்கு தன் உச்சத்தைத் தொட்டது 1999 டிசெம்பர் இறுதியில். பால்மர் நாற்காலியில் அமர்ந்தது அதன்பின் இரு வாரங்களில். மலையுச்சியில் நின்று அளக்கத் தொடங்குபவனுக்கு எத்திசையிற் சென்றாலும் இறக்கந்தானே!

இவ்வாறு கூறுவது பால்மருக்கு வக்காலத்து வாங்குவதாகாது. 2007 இல் அப்பிள் கம்பனியின் ஐபோன் வெளிவந்தபோது அதன் விலையையும் விசைப்பலகை இன்மையையும் சுட்டி அவர் பகிரங்கமாகச் சிரித்ததை உலகு மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. நொக்கியாவின் கைத்தொலைபேசிப் பிரிவை வாங்க அவர் 2013 இற் செய்த உடன்படிக்கை, 2015 இல் 7.6 பில்லியன் டொலர் நட்டமாகக் கணக்கிலிருந்து தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 7,800 பேர் வேலையிழந்தனர். இவை உண்மையான தவறுகள். எனினும் அவருக்குப்பின் 2014 பெப்ரவரியிற் பொறுப்பேற்ற சத்யா நாதெல்லாவின் காலத்தில் அப்பங்கு 2021 இறுதிக்குள் ஒன்பது மடங்காயிற்று என்னும்போது, அந்த ஏற்றத்தின் அடித்தளமாகிய அசூர் என்னும் மேகக் கணனிச் சேவை 2008 இல் அறிவிக்கப்பட்டு 2010 இல் வாடிக்கையாளருக்குத் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். அதாவது, பால்மர் ஆட்சியில். அச்சேவையை உள்ளடக்கிய பிரிவுக்கு 2011 இல் நாதெல்லா தலைமையேற்றதும் அவர் ஆட்சியிலேயே. விதைத்தவன் பெயர் ஒன்று, அறுத்தவன் பெயர் ஒன்று. பொதுசன அபிப்பிராயமோ களத்து நெல்லை மட்டுமே காண்கிறது.

உளவியலாளர் இத்தகைய மயக்கத்தை நெடுங்காலமாக அறிவர். 1920 இல் எட்வேட் தோண்டைக், படை அதிகாரிகள் தம் கீழுள்ளோரை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என ஆராய்ந்தார். ஒருவனை ஒரு பண்பில் உயர்ந்தவனென மதித்த அதிகாரி, தொடர்பற்ற ஏனைய பண்புகளிலும் அவனை உயர்ந்தவனென மதிப்பதைக் கண்டு, அதற்கு ஒளிவட்டம் என்னும் உருவகத்தைத் தந்தார். 1975 இல் பரி ஸ்டோ என்பார் நடத்திய பரிசோதனை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மூவர் மூவராகப் பிரிக்கப்பட்ட மாணவர், கம்பனி ஒன்றின் கணக்குகளைப் பார்த்து அதன் எதிர்கால விற்பனையைக் கணிக்குமாறு கேட்கப்பட்டனர். பின்னர் சில குழுக்களுக்கு அவர்களது கணிப்பு மிகச் சிறந்தது என்றும், வேறு சிலவற்றுக்கு மோசமானது என்றும் கூறப்பட்டது. கூறியது உண்மைப் பெறுபேறு அன்று. எழுந்தமானமாகத் தெரிந்து கூறிய பொய். பின் தம் குழு எவ்வாறு இயங்கியது என வினவியபோது, வென்றதாக நம்பியோர் தமக்குள் ஒற்றுமையும் திறந்த கருத்துப் பரிமாற்றமும் ஊக்கமும் நிலவின என்றனர். தோற்றதாக நம்பியோர் அவையெல்லாம் குறைந்திருந்தன என்றனர். தாம் சற்றுமுன் நேரில் இருந்து அனுபவித்த ஒன்றைப்பற்றியே இவர்கள் இவ்வாறு கூறுவரெனின், கலிபோர்ணியாவில் ஒரு மூடிய அறைக்குள் நிகழும் தலைமைத்துவத்தைப்பற்றிச் சஞ்சிகை வாசகன் கூறுவதற்கு என்ன மதிப்பு?

இதனைக் கம்பனி வரலாற்றிற் பொருத்திக் காட்டியவர் பில் றோசன்ஸ்வைக். 2007 இல் வெளிவந்த அவரது நூல் எடுத்தாளும் உதாரணங்களுட் சிஸ்கோ முதன்மையானது. 2000 மார்ச்சில் அது சந்தைப் பெறுமதியில் உலகின் முதற் கம்பனியாயிற்று. அதன் தலைவர் ஜோன் சேம்பர்ஸ் வாடிக்கையாளரின் குரலுக்குச் செவிசாய்ப்பவர், பிற கம்பனிகளை வாங்கி இணைப்பதில் வல்லவர் எனப் புகழப்பட்டார். ஓராண்டு கழிந்தது. விற்பனை வீழ்ந்தது, 2001 இல் 2.2 பில்லியன் டொலர் பெறுமதியான சரக்கிருப்பு நட்டமாக எழுதப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். உடனே அதே எழுத்துலகம், சிஸ்கோ வாடிக்கையாளரை அலட்சியம் செய்தது, கண்டபடி கம்பனிகளை வாங்கியது என எழுதலாயிற்று. சேம்பர்ஸ் மாறவில்லை. அவர் 2015 வரை அதே நாற்காலியில் இருந்தவர்.

நம் மரபில் இதனையொத்த ஓர் இலக்கிய வகை உண்டு. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் அமைந்த மெய்க்கீர்த்தி அது. ஆட்சியாண்டு ஏற ஏற அதில் வெற்றிகளும் ஏறும். தோல்விக்கு அங்கு இடமில்லை. கலமறுத்ததும் களம் வென்றதும் மன்னன் ஒருவனே. மெய்க்கீர்த்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளன் அதன் புகழ்ச்சி இயல்பைக் கழித்தே கொள்வான். தொழிலதிபர் சரிதங்களை வாசிக்கும் நாம் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டு விடுகின்றோம் என்பதே விந்தை.

இவ்வகைச் சரிதங்களுள் அதிகம் வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று, அப்பிள் கம்பனியின் ஸ்டீவ் ஜொப்ஸ்பற்றி வோல்டர் ஐசாக்சன் எழுதிய நூல். 2011 ஒக்டோபரில் ஜொப்ஸ் இறந்து சில வாரங்களுள் அது வெளிவந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட தடவைகள் ஜொப்ஸையும், நூற்றுக்கு மேற்பட்ட பிறரையும் நேர்கண்டு எழுதப்பட்ட அந்நூலைப் புகழ்மாலை என ஒதுக்குவது நேர்மையாகாது. ஜொப்ஸின் கொடுஞ்சொல்லையும், பிறர் கருத்தைத் தமதாக்கிக்கொண்ட இயல்பையும், தம் மகளை ஏற்க மறுத்த காலத்தையும் ஆசிரியர் மறைக்கவில்லை. குறை நூலிலுள்ளதைவிட அதனை வாசித்த முறையில் அதிகம் உண்டு. வாசகர் பலர், வெற்றிக்குக் காரணம் அக்கொடுமையே எனக் கண்டனர். இதனால் ஐசாக்சனே மறு ஆண்டில் ஒரு முகாமைத்துவச் சஞ்சிகையில், விமர்சகர் ஜொப்ஸின் கரடுமுரடான பகுதியையே பற்றிக்கொண்டு நிற்பதாகக் குறைப்பட்டு எழுத நேர்ந்தது.

அந்த வாசிப்புத் தவறானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஜொப்ஸின் வாழ்க்கையே போதும். 1985 இல் அப்பிளின் பணிப்பாளர் சபை அவரை அதிகாரத்திலிருந்து அகற்றியபோது, அவருடன் இணைந்து வேலை செய்ய முடியாது என்பதே பெரிதும் கூறப்பட்ட காரணம். அதன்பின் அவர் தொடங்கிய நெக்ஸ்ட் கம்பனியில் அவருக்குத் தடைபோடுவார் எவருமில்லை. அதே பிடிவாதம், அதே நுணுக்க வெறி, அதே கடுமை. 1988 இல் வெளிவந்த அழகிய கரிய கனசதுரக் கணனியை வாங்குவார் மிகச் சிலரே. 1993 இல் கணனி உற்பத்தியையே கைவிட நேர்ந்தது. பண்பு மாறாதிருக்க விளைவு மாறுமெனின், பண்பு மட்டும் விளைவுக்குக் காரணமாதல் எங்ஙனம்? மறுபுறம், ஜொப்ஸை அகற்றிய ஜோன் ஸ்கலி 1983 முதல் 1993 வரை அப்பிளை நடத்தியபோது அதன் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 1 பில்லியன் டொலரிலிருந்து 8 பில்லியனாக வளர்ந்தது. இன்று அவர் நினைவுகூரப்படுவது ஜொப்ஸை வெளியேற்றியவராக மாத்திரமே. காப்பியத்தில் எதிர்த்தலைவனுக்கு வேறு வேலையில்லையல்லவா?

தலைவனுக்குப் பங்கே இல்லை என வாதிடுவதும் மற்றோர் எல்லைக்குச் செல்வதாகும். 1997 இல் ஏறத்தாழ 1 பில்லியன் டொலர் நட்டத்துடன் தத்தளித்த அப்பிளுக்கு மீண்ட ஜொப்ஸ், டசின் கணக்கான பொருள்வகைகளை நான்காகச் சுருக்கினார். அத்துணிவு அவருடையது, கூட்டமொன்று வாக்கெடுத்துச் செய்திருக்கக் கூடியதன்று. ஆனால் அம்மீட்சிக்கு அவர் கொண்டுவந்த மூலதனம், தோல்வியுற்றதாகக் கருதப்பட்ட நெக்ஸ்டின் மென்பொருளே என்பதும், ஐபொட்டின் தோற்றத்துக்குத் தொஷிபா உருவாக்கிய 1.8 அங்குலச் சிறு வட்டத் தட்டு இன்றியமையாததாக இருந்தது என்பதும், ஐபோனின் பல்விரல் தொடுதிரைக்கு உதவிய நுட்பத்தின் ஒரு பகுதி டெலவெயர் பல்கலைக்கழக ஆய்விற் பிறந்து, அவ்வாய்வாளர் நிறுவிய சிறு கம்பனியோடு 2005 இல் வாங்கப்பட்டது என்பதும் அதே அளவுக்கு உண்மை. இணையமும் புவியிடங்காணும் செய்மதிகளும் அமெரிக்க அரசின் பாதுகாப்பு நிதியில் வளர்ந்தவை என்பதை மரியானா மசுகாட்டோ 2013 இல் விரிவாக எடுத்துக்காட்டினார். வரிசெலுத்தியவர் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை.

இன்னுமொரு சாராரும் இல்லை. 2010 இல், அப்பிளுக்கும் வேறு பல கம்பனிகளுக்கும் பொருள் பொருத்திக் கொடுத்த பொக்ஸ்கோன் நிறுவனத்தின் சீனத் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் சென்சென் நகரில், பத்துக்கு மேற்பட்ட இளந் தொழிலாளர் உயிரை மாய்த்துக்கொண்டனர். கட்டடங்களைச் சுற்றி வலைகள் கட்டப்பட்டன. அந்த ஆண்டு மே மாதத்தில் அப்பிள், சந்தைப் பெறுமதியில் மைக்ரோசொப்ட்டை முந்தியது. ஜொப்ஸின் தலைமைத்துவம் முன்னெப்போதையும்விட உயர்வாகப் போற்றப்பட்டது. இவ்விரு செய்திகளும் ஒரே பத்திரிகையில், பெரும்பாலும் வெவ்வேறு பக்கங்களில் வெளிவந்தன.

அவ்வுற்பத்திச் சங்கிலியைக் கட்டியெழுப்பியவர் 1998 இல் அப்பிளிற் சேர்ந்த டிம் குக். 2011 ஓகஸ்டில் அவர் தலைமையேற்றபோது, படைப்பாற்றல் மறைந்தது, இனி எஞ்சுவது கணக்காளர் ஆட்சி என்ற கருத்து வலுத்தது. 2012 செப்டெம்பரில் 700 டொலரைத் தொட்ட பங்கு 2013 ஏப்ரிலில் 400 இற்குக் கீழ் இறங்கியதும் அக்கருத்து நிரூபணமாகிவிட்டதாகவே பலர் எண்ணினர். 2018 ஓகஸ்ட் 2 இல் அதே கம்பனி ஒரு திரில்லியன் டொலர் பெறுமதியை எட்டிய முதல் அமெரிக்கக் கம்பனியாயிற்று. 2013 இல் கற்பனை வறுமையாகத் தோன்றிய குக்கின் அமைதி, 2018 இல் நிதானமாயிற்று.

இவற்றை வெறும் பத்திரிகைப் பேச்சு எனத் தள்ளிவிடலாமெனின் இக்கட்டுரைக்குத் தேவையிராது. தலைவனின் தோற்றமே வெற்றியின் காரணம் எனச் சமூகம் நம்பத் தொடங்கின், அத்தோற்றத்தைத் தனியாக உற்பத்தி செய்தல் சாத்தியமாகிறது. 2003 இல், பத்தொன்பது வயதில், ஸ்டான்பேட் பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டுத் தெரனொஸ் என்னும் கம்பனியை நிறுவிய எலிசபெத் ஹோம்ஸ், விரல் நுனியிலெடுக்கும் சில துளிக் குருதியில் எண்ணற்ற சோதனைகளைச் செய்ய முடியும் என்றார். ஜொப்ஸைப் போன்றே கரிய கழுத்துயர் மேற்சட்டை அணிந்தார்; அவரைப் போன்றே இரகசியத்தைப் பேணினார். சஞ்சிகைகள் அட்டைப் படமாக்கின. கம்பனியின் பெறுமதி 9 பில்லியன் டொலராக மதிக்கப்பட்டது. உள்ளிருந்து ஐயம் எழுப்பிய ஊழியர், ஆய்வுகூடத்தில் தாம் கண்டதைக் கூறினர்; வெளியிலிருந்தோரோ தலைவியின் மேடைத் தோற்றத்தைக் கண்டனர். பின்னையதே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2015 ஒக்டோபரில் ஒரு நாளிதழ் உண்மையை வெளியிடத் தொடங்கிற்று. 2022 சனவரியில் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்கு அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிற் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

அதற்குள், அரிசோனாவில் மருந்தகங்களிற் குருதி கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தோர் பலர். கம்பனியின் சொந்தக் கருவி 2014, 2015 ஆகிய ஈராண்டுகளிலும் தந்த முடிவுகள் யாவும் 2016 இற் செல்லாதவையென நீக்கப்பட்டன. அக்கருவிக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் எடிசன்.