வென்ற வழக்கும் மூடிய பள்ளியும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகளில் வாதாடி 29இல் வென்றவர் தர்குட் மார்ஷல். 1967இல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியும் ஆனார். இந்தக் கணக்கைச் சொல்லியே அவரைப் புகழ்வது வழக்கம். ஆனால், குடிமை உரிமை வழக்கறிஞர் ஒருவரை எடைபோட அது போதாது. தீர்ப்பு யார் பொருட்டு வாங்கப்பட்டதோ, அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இனவாரியாகப் பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்றது 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மார்ஷல் அதை எடுத்த எடுப்பில் எதிர்க்கவில்லை. அவருடைய குரு சார்லஸ் ஹூஸ்டன் வகுத்த வழியில், முதலில் உயர்கல்வி வழக்குகளைக் கையிலெடுத்தார். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மெக்லாரின் என்ற கறுப்பின மாணவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில்தான் உட்கார வேண்டும். நூலகத்தில் தனி மேசை, உணவகத்திலும் தனி மேசை. அதே ஆசிரியர், அதே நூல்கள், அதே சாப்பாடு. வசதியில் குறை சொல்ல இடமே இல்லாததால், பிரித்து வைப்பதே அநீதி என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. 1950இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த அடித்தளத்தின் மேல்தான் 1954 மே 17இல் பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பள்ளிப் பிரிவினையைச் செல்லாது என்றனர். பொறுமையும் வரிசையும்தான் இந்த முறையின் பலம்.

பலவீனம் தீர்ப்புக்குப் பிறகு தெரிந்தது. மார்ஷல் காலக்கெடு கேட்டார்; 1955இல் நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஊர்களில் ஒன்றான வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் 1963வரை வகுப்பறையையே பார்க்கவில்லை. தென் மாநிலங்களில் நிலைமை வேகமாக மாறியது, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம், பிரிவினையைக் கைவிடாத பள்ளிகளுக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்த பிறகுதான்.

இன்னொரு குறையை, மார்ஷல் வழக்காடிய குடிமை உரிமை அமைப்பிலேயே வழக்கறிஞராகப் பணியாற்றிய டெரிக் பெல் 1976இல் எழுதினார்: பெற்றோர் பலர் கேட்டது நல்ல பள்ளி, வழக்கறிஞர்கள் பிடித்துக்கொண்டதோ இனக்கலப்பு என்ற இலக்கு. இணைப்பின் பெயரில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழந்ததை நினைத்தால், இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களுக்குச் சட்டமன்றத்தின் கதவு திறக்காது. மார்ஷலுக்கு இருந்த வழி நீதிமன்றம் ஒன்றுதான். அவர் வழி சரியானது, ஆனால் பாதி வழி. மீதியை நடக்கத் தெருவில் மக்களும் நாடாளுமன்றத்தில் சட்டமும் வேண்டியிருந்தன. பொதுநல வழக்கு தொடுப்பவர்கள், தீர்ப்பை நிறைவேற்றப்போவது யார் என்ற கேள்விக்கு மனு எழுதும்போதே விடை தேடிக்கொள்ள வேண்டும்.